நகர மண்டபப் புல்வெளியில் கிறிஸ்துமஸ் குடில்: அனுமதிப்பதா, மறுப்பதா?

தெற்குவாசல் கேட்டது:

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு, குறிப்பாக உள்ளாட்சி விவகாரம் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி.

சிறு நகரம். நகர மண்டபத்துக்கு முன்னால் 60 அடிக்கு 40 அடி புல்வெளி. வருடாவருடம் மண்டப வாசலில் நகராட்சியே ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைத்து சீரியல் விளக்கு போடும், அவ்வளவுதான். இந்த வருடம் ஒரு சர்ச், அந்தப் புல்வெளியில் ஆளுயரக் குடில் வைக்க நகராட்சியின் பார்க்ஸ் (பூங்கா) கமிட்டியிடம் அனுமதி கேட்டிருக்கிறது. மரியாள், சூசையப்பர், பாலன் இயேசு, இடையர்கள், மூன்று ஞானிகள், ஆடு, மாடு எல்லாம் சேர்த்து 14 உருவங்கள். செலவு முழுக்க சர்ச்சுடையது.

விஷயம் வெளியே தெரிந்ததும் இன்னும் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று, யூதர்களின் ஹனுக்கா பண்டிகை விளக்கான மெனோரா வைக்க. இன்னொன்று, அரசாங்க இடத்தில் மதமே கூடாது என்று எழுதிய பலகை வைக்க. மூன்றாவது நம் ஆட்களிடமிருந்து: குடிலுக்கு இடம் உண்டென்றால் தீபாவளிக்குக் குத்துவிளக்குக்கும் இடம் வேண்டும்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "குடிலை மறுப்பது கிறிஸ்தவத்துக்கு எதிரான செயல்" என்கிறது ஒரு தரப்பு. "குடில் வைத்த மறுநாளே வழக்கு வரும்" என்கிறது மறு தரப்பு. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? விதி எழுதுவதென்றால் எதையெல்லாம் எழுத வேண்டும்?

---

எழுத்தாணி:

இரண்டு தரப்பும் சொல்வதில் பாதிதான் சரி. குடில் என்பதாலேயே அது சட்டவிரோதம் ஆகாது. சர்ச் செலவில் வைப்பதாலேயே பிரச்சினை தீர்ந்துவிடவும் செய்யாது. முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புல்வெளியில் பேசுவது யார்? நகராட்சியா, தனியாரா? இதற்குப் பதில் தெரியாமல் கமிட்டி எத்தனை மணி நேரம் விவாதித்தாலும் சண்டைதான் மிஞ்சும்.

அமெரிக்க அரசியலமைப்புக்கு 1791-இல் வந்த முதல் திருத்தத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது. மக்கள் தங்கள் மதத்தைப் பின்பற்றுவதையும் பேசுவதையும் அரசு தடுக்கக் கூடாது. டிசம்பர் மாத வழக்குகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவைதான்.

நகராட்சியே பேசும்போது பார்க்க வேண்டியவை இரண்டு தீர்ப்புகள்.

1984, லிஞ்ச் எதிர் டானலி. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட் நகரம் வைத்த குடில். அதன் உருவங்கள் 5 அங்குலத்திலிருந்து 5 அடி வரை. நகரம் அவற்றை 1973-இல் 1,365 டாலருக்கு வாங்கியிருந்தது. குடிலைச் சுற்றிலும் சாண்டா வீடு, கலைமான்கள், கிறிஸ்துமஸ் மரம், கோமாளி, யானை, கரடி பொம்மை, பண்டிகை வாழ்த்துப் பலகை. மொத்தக் காட்சியாகப் பார்க்கும்போது இது விடுமுறைக் காலக் கொண்டாட்டம்தான் என்று 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

1989, அலெகனி கவுன்ட்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வழக்கு. பிட்ஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தின் பிரதானப் படிக்கட்டில் குடில் மட்டும் தனியாக இருந்தது. மேலே ஒரு சம்மனசு (தேவதூதர்), கையில் 'உன்னதத்தில் கடவுளுக்கு மகிமை' என்ற லத்தீன் வாசகம். அது கூடாது என்று 5-4 தீர்ப்பு. அதே வழக்கில், ஒரு தெரு தள்ளி இருந்த நகரக் கட்டடத்துக்கு வெளியே 45 அடி மரத்தின் பக்கத்தில் நின்ற 18 அடி மெனோராவுக்கு 6-3 என்று அனுமதி கிடைத்தது.

உங்கள் சர்ச் விண்ணப்பத்தோடு நேரடியாகப் பொருந்தும் விஷயம் இதில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் குடிலும் நன்கொடையாக வந்ததுதான். ஒரு கத்தோலிக்கச் சங்கம் கொடுத்தது என்று பலகையே வைத்திருந்தார்கள். அந்தப் பலகை குடிலைக் காப்பாற்றவில்லை. அந்தப் படிக்கட்டு எல்லோருக்கும் சமமாகத் திறந்துவிடப்பட்ட இடமில்லை. அங்கே ஒரு பொருளை வைக்க விட்டதே அரசின் பேச்சாகிவிட்டது.

தனியார் பேசும்போது கணக்கே வேறு. 1993-இல் ஒஹாயோ சட்டமன்ற வளாகத்தின் திறந்த சதுக்கத்தில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் சிலுவை நட அனுமதி கேட்டது. மாநிலம் மறுத்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று மாநிலத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் திறந்த இடத்தில் மதப் பேச்சை மட்டும் ஒதுக்க முடியாது என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கே அந்த உரிமை உண்டு என்றால், புல்வெளியை எல்லோருக்கும் திறந்துவிட்டால் உங்களுக்கு வந்திருக்கும் பலகைக்காரர்களுக்கு நிச்சயம் உண்டு.

2022 மே மாதம் வந்த ஷர்ட்லெஃப் எதிர் பாஸ்டன் தீர்ப்பையும் கமிட்டி படிக்க வேண்டும். பாஸ்டன் நகரம் தன் கொடிக்கம்பத்தில் 284 கொடியேற்ற நிகழ்ச்சிகளுக்குக் கேள்வி கேட்காமல் அனுமதி கொடுத்துவிட்டு, கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் இல்லை என்றது. ஒன்பது நீதிபதிகளும் நகரம் செய்தது தவறு என்றார்கள். யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவந்த இடத்தை, பிடிக்காத விண்ணப்பம் வந்த அன்று 'இது அரசின் பேச்சு' என்று மாற்றிச் சொல்ல முடியாது.

பழைய தீர்ப்புகளை மட்டும் நம்ப முடியாத நிலையும் இப்போது உண்டு. 2022 ஜூனில் கென்னடி எதிர் பிரெமர்ட்டன் தீர்ப்பில், அலெகனி வழக்கு சார்ந்திருந்த சோதனைகளை, அதாவது அரசு மதத்தை ஆமோதிப்பதாகத் தோன்றுகிறதா என்று பார்க்கும் முறையை, நீதிமன்றம் கைவிட்டுவிட்டது. இனி வரலாற்று வழக்கத்தையும் புரிதலையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. லிஞ்ச், அலெகனி முடிவுகள் ரத்து செய்யப்படவும் இல்லை. 2021-இலேயே ஏழாவது சர்க்யூட் நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) இண்டியானாவின் ஜாக்சன் கவுன்ட்டி நீதிமன்றப் புல்வெளியில் இருந்த குடிலை வரலாற்று வழக்கத்தின் அடிப்படையில் அனுமதித்தது. அங்கேயும் சாண்டாவும் கலைமான்களும் பக்கத்தில் இருந்தன. பழைய சோதனையில் பார்த்தாலும் புதியதில் பார்த்தாலும் நிற்கக்கூடியது கலந்த காட்சிதான். தனிக் குடிலை நகராட்சி தன் பெயரில் வைப்பது இன்னமும் சூதாட்டம். இதற்கு மேல் உங்கள் மாநில அரசியலமைப்பு கூட்டாட்சிச் சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். சிட்டி அட்டர்னி (நகராட்சி வக்கீல்) அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்குகள் குடிமை உரிமைகள் (சிவில் ரைட்ஸ்) சட்டத்தின்கீழ் வருபவை. தோற்றால் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்தையும் நகராட்சி கட்ட நேரும். நஷ்டஈடு 1 டாலராக இருந்தாலும் வக்கீல் கட்டணம் லட்சக்கணக்கான டாலர் வரை போகக்கூடும்.

---

மாதாகோவில் தெரு:

எழுத்தாணி சட்டத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். விசுவாசிகள் பக்கமிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பேச்சில் அது எப்போதும் விடுபட்டுப் போகிறது.

லிஞ்ச் தீர்ப்பை நம் சர்ச் ஆட்கள் வெற்றியாகக் கொண்டாடுவார்கள். அதில் குடில் எப்படி ஜெயித்தது என்று பாருங்கள். கோமாளிக்கும் யானைக்கும் கரடி பொம்மைக்கும் நடுவில் வைத்ததால் அதன் அர்த்தம் மங்கிவிட்டது, ஆகவே பரவாயில்லை என்பதுதான் வாதம். மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி பிளாக்மன் இந்த வலியைப் புரிந்துகொண்டார். அப்படிப்பட்ட இடத்தில் கிறிஸ்தவர்கள் குடிலின் பொருளை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்து அந்நியப்படுவார்கள், ஒரு புனிதச் சின்னத்தை இப்படிப் பயன்படுத்துவது தவறு என்று எழுதினார். ஐந்து வருடம் கழித்து அலெகனி தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

1223-இல் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்து அமைத்த குடில், மக்கள் முழந்தாளிடுவதற்காக அமைத்தது. பிளாஸ்டிக் கலைமானுக்குப் பக்கத்தில், 'இது எந்த மதத்தையும் குறிக்கவில்லை' என்ற பாவனையோடு பாலன் இயேசுவை வைப்பதைவிட, வைக்காமல் இருப்பது மேல்.

அந்த சர்ச்சுக்கு நான் சொல்வது: உங்கள் சொந்த வளாகத்தில், மெயின் ரோட்டைப் பார்த்து வையுங்கள். தனியார் நிலத்தில் உங்கள் உரிமை மிக வலுவானது. அங்கே வசனம் எழுதலாம், பாடலாம், ஜெபிக்கலாம், உயிருள்ள ஆடு கட்டலாம். கலைமான் தேவையில்லை, பொறுப்புத் துறப்புப் பலகை தேவையில்லை. பார்க்க வேண்டியது நகராட்சியின் சைன் (வெளிப்புறப் பலகை) விதியும், சாலை முனையில் வண்டி ஓட்டுபவரின் பார்வையை மறைக்காத தூரமும் மட்டும்தான். சைன் விதியிலும் சர்ச் பலகைக்கு ஒரு அளவு, அரசியல் பலகைக்கு ஒரு அளவு என்று பாகுபாடு செய்ய முடியாது. 2015-இல் ரீட் எதிர் கில்பர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது.

"கிறிஸ்துமஸுக்கு எதிரான போர்" என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வரலாறு. இந்த மண்ணில் கிறிஸ்துமஸைத் தடை செய்தது நாத்திகர்கள் இல்லை. 1659-இல் மாசசூசெட்ஸ் பே காலனியின் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். அந்த நாளை வேலையை விட்டோ விருந்து வைத்தோ கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1681-இல்தான் நீக்கினார்கள். பண்டிகையை அரசும் சமூகமும் எப்படி நடத்துவது என்ற சண்டை கிறிஸ்தவர்களுக்குள்ளேயே தொடங்கியது.

---

வரப்பு:

மாதாகோவில் தெரு சொல்றது சர்ச்சுக்கு நல்ல யோசனை. ஆனா கமிட்டி அதை சர்ச்சுக்கு உத்தரவா போட முடியாது. கமிட்டிக்கு மூணு வழிதான் இருக்கு.

ஒண்ணு, புல்வெளியில நகராட்சி மட்டும் வைக்கும், தனியார் யாரும் வைக்கக் கூடாது. இரண்டு, விதி போட்டு எல்லாருக்கும் திறந்து விடுறது. மூணாவது, நகராட்சியே மரம், குடில், மெனோரா, சாண்டா எல்லாம் வாங்கிக் கலந்து வைக்கிறது. மூணாவதுல வருஷா வருஷம் "எங்களோடது ஏன் இல்லை"ன்னு வரிசை நீளும். எது எங்கே, எந்த உயரம்னு கவுன்சில்ல ஓட்டு எடுப்பாங்க. நான் அதைச் சொல்ல மாட்டேன்.

திறந்து விடறவங்களுக்கு நடந்ததைப் பாருங்க. கலிபோர்னியா சாண்டா மோனிகாவுல பாலிசேட்ஸ் பார்க்ல 1953-லேர்ந்து குடில் காட்சிகள் இருந்துச்சு. 2011-ல இடத்துக்குப் போட்டி வந்து குலுக்கல் போட்டாங்க. 21 இடத்துல 18 கடவுள் மறுப்பாளர்களுக்குப் போயிடுச்சு. 2012-ல நகரம், ஆள் இல்லாம விட்டுட்டுப் போற தனியார் காட்சி யாருக்குமே கிடையாதுன்னு சட்டம் போட்டுது. சர்ச் தரப்பு வழக்குப் போட்டுத் தோத்துச்சு. 2015-ல ஒன்பதாவது சர்க்யூட்டும் நகரத்தின் பக்கம் நின்னுச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி மூடுறது சட்டப்படி சரிதான்.

2008-ல வாஷிங்டன் மாநிலத் தலைமைச் செயலகம், ஒலிம்பியா. குடில் பக்கத்துல நாத்திகர் பலகை வந்துச்சு. அப்புறம் இன்னும் விண்ணப்பங்கள் குவிஞ்சு, கடைசியில புதுசா எதுவும் வாங்கறதையே நிறுத்திட்டாங்க. 2013-ல ஃபுளோரிடா தலைநகர்க் கட்டடத்துல ஃபெஸ்டிவஸ்ங்கற கேலிப் பண்டிகைக்காக பியர் டின்ல செஞ்ச கம்பம் நின்னுச்சு. அதே வருஷம், சாத்தான் பேர்ல இயங்கற சாத்தானிக் டெம்பிள் அமைப்போட காட்சியை ரொம்ப மோசமா மனசைப் புண்படுத்துதுன்னு மறுத்தாங்க. அடுத்த வருஷம் அனுமதிக்க வேண்டி வந்துச்சு. "மனசைப் புண்படுத்தும்"னு ஒரு காரணத்தை விதியில எழுதாதீங்க. அது நிக்காது.

இதையெல்லாம் தெரிஞ்சுகிட்டுத் திறக்கணும்னா, விதி இப்படி.

முதல்ல நிலத்தை அளந்து பிரிங்க. 60-க்கு 40 அடியில, ஒவ்வொண்ணும் 12-க்கு 12 அடியா, நடுவுல 4 அடி நடைபாதை விட்டா ஒரு வரிசைக்கு 4, இரண்டு வரிசைக்கு 8 இடம். ரோட்டுப் பக்கம் 12 அடி காலியா நிக்கும். அதைத் தொடாதீங்க, தீயணைப்பு வண்டிக்கும் பார்வைக்கும் அது வேணும். 4 அடி நடைபாதை சக்கர நாற்காலிக்குப் போதும். உயரம் 8 அடிக்கு மேல வேண்டாம். 12-க்கு 12-ல ஆளுயரத்துல 14 உருவம் அடங்காது. கொட்டகையும் படுத்த மாடும் போக 8, 9 உருவம் வைக்கலாம். இதை சர்ச்சுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. அவங்களுக்காக அளவைக் கூட்டினா அதுவே பாரபட்சம்.

தேதி ரொம்ப முக்கியம், பெரும்பாலும் இதுலதான் கோட்டை விடுவாங்க. "டிசம்பர் 1 முதல் 26 வரை"ன்னு எழுதினா அது கிறிஸ்துமஸுக்குன்னு தச்ச சட்டை. ஹனுக்கா நகர்ந்துகிட்டே இருக்கும்: 2024-ல டிசம்பர் 25 மாலை தொடங்குச்சு, 2025-ல டிசம்பர் 14 மாலை. பல ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. தீபாவளி அக்டோபர் நடுவுலேர்ந்து நவம்பர் நடுவுக்குள்ள வரும். அதனால அக்டோபர் 10-லேர்ந்து ஜனவரி 10 வரைன்னு காலத்தை விரிச்சு, ஒரு காட்சிக்கு அதிகபட்சம் 40 நாள்னு வைங்க. குத்துவிளக்குக்காரங்களுக்கும் அதுல இடம் இருக்கும். பண்டிகைப் பேரே விதியில வேண்டாம்.

ஒரு அமைப்புக்கு ஒரு இடம். விண்ணப்பம் ஆகஸ்ட் 1 முதல் 31 வரை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானா செப்டம்பர்ல பொதுக்கூட்டத்துல குலுக்கல். மறுத்தா 10 வேலை நாளுக்குள்ள எழுத்துல காரணம், மேல்முறையீடு யார்கிட்டன்னு விலாசத்தோட. அதிகாரி விருப்பப்படின்னு ஒரு வார்த்தை விதியில இருந்தா மொத்த விதியும் அதுலயே விழும்.

கட்டணம் எல்லாருக்கும் ஒரே தொகை. "இந்தக் காட்சிக்கு எதிர்ப்பு வரும், போலீஸ் தேவை, அதனால கூடக் கட்டு"ன்னு சொல்ல முடியாது. 1992-ல ஃபோர்சைத் கவுன்ட்டி வழக்குல உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்துட்டுது. இன்ஷூரன்ஸ் கேட்கலாம், பல நகரங்கள் 10 லட்சம் டாலர் கவரேஜ் கேட்குது. ஆனா அது கட்ட முடியாதவங்களுக்குச் சுவரா மாறக் கூடாது. பொறுப்பேற்புக் கடிதம்னு ஒரு மாற்று வழி வைங்க.

ஒவ்வொரு இடத்திலும் 18-க்கு 24 அங்குலப் பலகை: "இது தனியார் காட்சி. நகராட்சி இதை ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை." தெருவிலேர்ந்து படிக்கிற மாதிரி 2 அங்குல எழுத்து. இந்தப் பலகை மட்டும் போதும்னு நினைக்காதீங்க. திறந்த விதியோட சேர்ந்தாத்தான் அதுக்கு மதிப்பு.

இனி மண்ணும் காத்தும். புல்வெளியில ஆணி, முளை அடிக்க விடாதீங்க. ஸ்பிரிங்க்ளர் குழாய் பல இடத்துல 6 முதல் 12 அங்குல ஆழத்துலயே ஓடுது. ஒரு முளை போதும், குளிர்ல தெரியாது, ஏப்ரல்ல தண்ணி திறக்கும்போதுதான் ஊத்தும். பிளைவுட்ல வெட்டின உருவம் 6 அடி உயரம் 2 அடி அகலம்னா, மணிக்கு 40 மைல் காத்துல சுமார் 60 பவுண்டு தள்ளும். கீழே முன்பின்னா 4 அடி நீள மரச்சட்டம் போட்டு, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு 50 பவுண்டு மணல் மூட்டை வைக்கணும். பின்னால மட்டும் மூட்டை வைக்கிறது வழக்கமான தப்பு. முன்னாலேர்ந்து காத்து அடிச்சா உருவம் பின்பக்க விளிம்புல சாயும். அங்கேயே இருக்கற மூட்டை எதையும் பிடிக்காது.

கரண்டுக்கு, தரைக்கசிவு வந்தா உடனே அணையற வெளிப்புறப் பிளக் மட்டும். 15 ஆம்ப் சர்க்யூட்ல தொடர்ந்து எரியற லோடு 12 ஆம்ப்தான், 120 வோல்ட்ல 1,440 வாட். எட்டு இடத்துக்கு ஆளுக்கு 150 வாட்னா 1,200, சரியா இருக்கும். எல்ஈடி போட்டா தாராளம். பழைய 300 வாட் ஃபிளட்லைட்டை ஆளுக்கு ஒண்ணு போட்டா 2,400 வாட் ஆகி மொத்தப் புல்வெளியையும் இருட்டாக்கிடும். தீச்சுடர் கூடாது, குத்துவிளக்குக்கும் மெனோராவுக்கும் பல்புதான். ஏத்தற நேரத்துக்கு மட்டும் நிஜத் தீ வேணும்னா, ஆள் கூட நிக்கணும், தீயணைப்புத் துறை பெர்மிட் தனியா வாங்கணும்.

காட்சி உடைஞ்சா, திருடு போனா நகராட்சி பொறுப்பில்லை, ஆனா உரிமையாளர் 48 மணி நேரத்துல திரும்ப வைக்கலாம்னு எழுதுங்க. பாலன் இயேசுவைத்தான் முதல்ல தூக்கிட்டுப் போவாங்க. தொட்டியோட போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்க. 2023 டிசம்பர்ல அயோவா தலைநகர்க் கட்டடத்துல இருந்த சாத்தானிக் டெம்பிள் காட்சியை ஒருத்தர் உடைச்சு வழக்குல மாட்டினாரு. யாரோட காட்சியா இருந்தாலும் போலீஸ் ஒரே மாதிரி நடவடிக்கை எடுக்கும்னு நகரம் முன்கூட்டியே அறிவிக்கிறது நல்லது.

---

தெற்குவாசல்:

மிக்க நன்றி. இதைக் கிட்டத்தட்ட அப்படியே கமிட்டி முன் வைக்கலாம். இன்னும் மூன்று சந்தேகங்கள். (1) இந்த வருடத்துக்கே விதி போட்டுவிடலாமா? (2) நகர மண்டப வாசல் பேனரில் மெர்ரி கிறிஸ்துமஸ் என்று எழுதுவதா, ஹேப்பி ஹாலிடேஸ் என்று எழுதுவதா? (3) இதைப் பார்த்துவிட்டுப் பள்ளி நிர்வாகமும் கேட்கிறது, டிசம்பர் கச்சேரியில் கிறிஸ்தவப் பாடல் பாடலாமா என்று.

---

பவளமல்லி:

மூன்றாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். பள்ளி, புல்வெளியைவிடக் கடினமான இடம். பிள்ளைகள் எழுந்து போக முடியாது, ஆசிரியர் அரசு ஊழியர்.

பாடலாம். 1980-இல் சூ ஃபால்ஸ் பள்ளி மாவட்ட வழக்கில் எட்டாவது சர்க்யூட், பண்டிகையின் மதப் பின்னணியைப் பாடத்தின் பகுதியாக, விவேகத்தோடும் நடுநிலையோடும் காட்டும் விதிகளை ஏற்றது. மறுபக்கம், 2009-இல் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளி மாவட்டம் டிசம்பர் கச்சேரிகளில் மதக் கொண்டாட்டப் பாடல்களை வேண்டாம் என்று முடிவு செய்ததையும் மூன்றாவது சர்க்யூட் ஏற்றது. பாடவும் உரிமை உண்டு, விடவும் உரிமை உண்டு.

எல்லை எங்கே என்று பார்க்க இண்டியானாவின் கான்கார்ட் பள்ளி வழக்கு உதவும். அங்கே பல பத்தாண்டுகளாக நடந்த 90 நிமிட நிகழ்ச்சியில், மாணவர்களே மரியாளாகவும் சூசையப்பராகவும் வேடமிட்டு மேடையேற, பைபிள் வாசிப்போடு சுமார் 20 நிமிடம் போகும். வழக்கு வந்த பிறகு 2015-இல் வாசிப்பை எடுத்துவிட்டார்கள், மாணவர்களுக்குப் பதில் பொம்மைகள் இரண்டு நிமிடம் மட்டும் நின்றன, ஹனுக்காப் பாடலும், ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பண்டிகையான குவான்ஸாவின் பாடலும் சேர்ந்தன. 2018-இல் ஏழாவது சர்க்யூட் அந்த மாற்றிய வடிவத்தைத்தான் அனுமதித்தது. ஹனுக்காப் பாட்டு ஒன்றைச் சேர்த்ததால் மட்டும் கிடைத்த அனுமதி அல்ல அது. வழிபாடாக இருந்ததை நிகழ்ச்சியாக மாற்றியதுதான் முக்கியக் காரணம்.

பள்ளிக்கு நடைமுறை: ஒவ்வொரு பாட்டும் ஏன் என்று இசை ஆசிரியர் ஒரு வரி எழுதி வைக்கட்டும், குரல் பகுப்பு, காலகட்டம், மொழி என்று. பாட விரும்பாத பிள்ளைக்கு மாற்று வேலை, மதிப்பெண் குறையக் கூடாது, அந்தப் பிள்ளையை மேடையில் தனியாக நிறுத்தி எல்லோரும் பார்க்கும்படி செய்யக் கூடாது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பெற்றோர் அக்டோபரிலேயே பாட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும், டிசம்பர் 10-ஆம் தேதி போய்ச் சண்டை போடக் கூடாது. பிள்ளைகள் தங்களுக்குள் மெர்ரி கிறிஸ்துமஸ் சொல்வது அவர்கள் உரிமை. டெக்சஸில் 2013-இல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள்: ஆசிரியர்களும் வாழ்த்தலாம், ஆனால் பள்ளி வைக்கும் காட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட மதங்களோ, ஒரு மதத்தோடு குறைந்தது ஒரு மதம் சாராத சின்னமோ இருக்க வேண்டும்.

---

எழுத்தாணி:

இரண்டாவதுக்குச் சுருக்கமாக. கிறிஸ்துமஸ் 1870-இல் வாஷிங்டனில் இருந்த கூட்டாட்சி ஊழியர்களுக்கு விடுமுறையாகச் சட்டமானது. அந்த விடுமுறையையே எதிர்த்த வழக்கு 1999-இல் ஒஹாயோவில் தள்ளுபடி ஆனது. பேனரில் மெர்ரி கிறிஸ்துமஸ் என்று எழுதியதை மட்டும் எதிர்த்து யாரும் வழக்கில் ஜெயிக்கப் போவதில்லை. இரண்டில் எதுவும் சட்டப்படி சரி. ஊரில் யார் யார் அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்துக் கவுன்சில் முடிவு செய்யட்டும். கடைக்காரர் ஊழியரிடம் எதைச் சொல்லச் சொன்னாலும் அதில் முதல் திருத்தம் வராது. அது அரசைத்தான் கட்டுப்படுத்தும். அங்கே வருவது, குறைந்தது 15 ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில் வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் 7 சட்டம். ஊழியர் மத காரணம் காட்டி ஒரு வாசகத்தைச் சொல்ல மறுத்தால், 2023-இன் கிராஃப் தீர்ப்புப்படி, கணிசமான கூடுதல் சுமை என்று காட்டாமல் முதலாளி மறுக்க முடியாது.

முதல் கேள்விதான் ஆபத்தானது. விண்ணப்பங்களைக் கையில் வைத்துக்கொண்டு விதி எழுதினால், ஒவ்வொரு அளவும் தேதியும் யாரையோ விலக்க எழுதியதாகத் தோன்றும். இந்த வருடம் இருந்தபடியே இருக்கட்டும்: மரமும் விளக்கும், தனியார் காட்சி எதுவும் வேண்டாம். நான்கு பேருக்கும் ஒரே நாளில், ஒரே வார்த்தைகளில் பதில் போகட்டும். பெயரும் தேதியும் மட்டும் மாறலாம்:

"தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. இந்தப் புல்வெளியில் தனியார் காட்சிகளுக்கு நகராட்சி இதுவரை அனுமதி அளித்ததில்லை. இந்த ஆண்டும் எவருக்கும் அளிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் இதற்கு விதி வகுப்பது குறித்துக் கமிட்டி பிப்ரவரிக் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். தங்களுக்கும் அழைப்பு வரும்."

அனுப்பும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: முந்தைய வருடங்களில் யாருக்காவது, ரத்த தான முகாம் பேனருக்கோ ரோட்டரி சங்கப் பலகைக்கோ, அந்தப் புல்வெளியில் வைக்க வாய்மொழியாகவாவது அனுமதி போயிருக்கிறதா? போயிருந்தால் "இதுவரை அளித்ததில்லை" என்ற வரி பொய்யாகிவிடும், பாஸ்டன் மாட்டிக்கொண்டதும் இந்த இடத்தில்தான். பார்க்ஸ் துறையின் பெர்மிட் கோப்பையும் ஃபேஸ்புக் பக்கத்தில் உள்ள பழைய படங்களையும் ஐந்து வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கடிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.